மூன்று முறை வேண்டாம்

சென்னையில் நல்ல பாரசீக உணவகம் எது என்று யாரையும் கேட்க முடியாது. "அங்க போங்க, பிரமாதமா இருக்கும்" என்று ஒருவர் சொல்லி, நீங்கள் "சரி" என்று சொல்லி, போய்ச் சாப்பிட்டுப் பார்த்து அது சுமாராக இருந்துவிட்டால், சொன்னவர் பெயரில் ஒரு பிசகு ஏறிவிடும். அதனால் நான் கேட்டவர்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அலுவலகத்தில் ஒரே ஒருவர் மட்டும், "உணவகங்கள் இருக்கு. சிலதுல உணவும் இருக்கக்கூடும்" என்றார். அவருக்கு இருபத்தெட்டு வருட அரசாங்க சர்வீஸ்.

நான் வேலை பார்ப்பது கீழ்ப்பாக்கத்தில், வாக்குப் பதிவேட்டு அலுவலகத்தில். பின்னால் யாராவது இதைப் படித்துவிட்டு "அது என்னய்யா ஆபீஸ்?" என்று கேட்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பிய எல்லாருடைய காது மடலிலும் மிளகளவு ஒரு மணி இருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு ஏதாவது செய்வதாகவோ தருவதாகவோ சொன்னால் மணி மஞ்சளாகும். எதிராளி "சரி" என்றோ "நன்றி" என்றோ சொன்னால் பச்சையாகி 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வாக்கு பதிவாகிவிட்டது. சொன்னபடி செய்யாவிட்டால் பிசகு. யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, மணியே பார்த்துக்கொள்ளும். எழுதி அனுப்பினாலும் அதே கதிதான். மணியைக் கழற்றினால் வீட்டுக்கு ஆள் வருவார்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கத்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் இதைக் கொண்டுவந்தார்கள். வீடு கட்டித் தருகிறேன் என்றவர், வேலை வாங்கித் தருகிறேன் என்றவர், ஞாயிற்றுக்கிழமை பிளவுஸ் ரெடி என்ற தையல்காரர். தேர்தல் மேடைக்கு மட்டும் விலக்கு உண்டு. அது பேச்சுரிமை சம்பந்தப்பட்டது என்றார்கள்.

ஏமாற்றுக்காரர்கள் நான்கே மாதத்தில் பாடம் கற்றுக்கொண்டார்கள். வாயே திறப்பதில்லை. தையல்காரர் இப்போது துணியை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை உற்றுப் பார்ப்பார். நீங்களும் உற்றுப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இன்று ஏறும் பிசகுகளில் நூற்றுக்கு எண்பத்தேழு வீட்டுக்குள் நடப்பவை. அம்மா பிள்ளையிடம் சொன்னது, புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னது, காதலன் காதலியிடம் உளறியது. என் மச்சான் ஒருவர் கல்யாணமான புதிதில் "உன் கண்ணுல தண்ணி வராம பாத்துப்பேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த அம்மாள் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அவருக்கு நோட்டீஸ் வந்தது. இப்போது அவர்கள் வீட்டில் வெங்காயம் இல்லை.

மேலே சொன்ன புள்ளிவிவரத்தைத் தயாரித்தவன் நான்தான். மேலதிகாரி சகாயமேரி மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபாண்ட் சைஸ் சின்னதா இருக்கு" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் பதினோராவது திருமண நாள். செவ்வாய்க்கிழமை காலையில் என் மனைவி ரிதன்யா பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"இஸ்ஃபஹான்ல இருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. அதே ஆத்துத் திட்டம். மூணு வருஷம். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அவள் நீரியல் பொறியாளர். கல்யாணத்துக்கு முன்னால் ஈரானில் அதே ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள்.

"ஓ," என்றேன்.

"போகட்டுமா?"

"முடிவு உன்னோடது."

அவள் வாய் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா நீ என்கிட்ட பேசறது எல்லாம் பேங்க் ஃபாரத்துல பின்பக்கம் அச்சடிச்சிருக்குமே, அது மாதிரியே இருக்கு நிவாஸ்."

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

"ஒண்ணு பண்ணு. வெள்ளிக்கிழமை என்னை ஒரு நல்ல பெர்ஷியன் ரெஸ்டாரன்டுக்குக் கூட்டிட்டுப் போ. அந்த ஊர்ல கடைக்குள்ள நுழைஞ்சாலே, உங்க கால் என் கண்ணு மேலன்னு சொல்லுவாங்க. உங்களுக்காக என் உசிரு போகட்டும்பாங்க, அதுவும் ஒரு கிலோ தக்காளி வாங்கினதுக்கு. யாரும் சாக மாட்டாங்க. ஆனா கேக்க எவ்ளோ நல்லா இருக்கும் தெரியுமா? செய்யவே முடியாத ஒண்ணை யாராவது என்கிட்ட சொல்லி நான் கேக்கணும். அதுக்கப்புறம் முடிவு பண்றேன்."

"முயற்சி பண்ணிப் பாக்கலாம்," என்றேன். முயற்சி வாக்காகாது. விதி நான்கு.

எனக்குப் பயமாக இருந்தது. முதல் நாளே அவள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். அதற்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்வெட்டருக்கு அடியில் அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது. மூன்று வருடத்தில் திரும்பி வருகிறவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

"போகாதே" என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது வாக்கு அல்ல, சொல்லலாம்தான். ஆனால் அடுத்து அவள் "ஏன்?" என்பாள். அதற்கு மனதிலிருந்து என்ன பதில் சொன்னாலும் அது வாக்காகத்தான் இருக்கும். எனக்கோ ஏற்கெனவே இரண்டு பிசகு. பொதுமக்களுக்குப் பத்து வரை தாங்கும், பதிவேட்டு ஊழியருக்கு மூன்றானால் வேலை போய்விடும்.

முதல் பிசகு, ரிதன்யாவிடம் போனில் "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்றது. அவள் பழக்க தோஷத்தில் "சரி" என்றுவிட்டாள். நாற்பது நிமிடமானது. இரண்டாவது, அம்மாவிடம் "தீபாவளிக்கு வரேம்மா" என்றது. புயல் வந்து ரயில் எல்லாம் ரத்து. அம்மா தஞ்சாவூரிலிருந்து கிளம்பி அலுவலகத்துக்கே வந்து, "நான் அவன் மேல குத்தமே சொல்லலியே, எதுக்கு எம்புள்ளைக்கு நோட்டீஸ் குடுத்தீங்க?" என்று கவுண்டரில் அழுதாள். கவுண்டரில் இருந்தது நான்தான். அதற்குப் பிறகு அம்மா போனில் "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்பாள். நான் "சாப்ட்டேன்" என்பேன். அதில் ஆபத்தில்லை.

'போயிட்டு வரேன்' என்று இப்போது யாரும் சொல்வதில்லை. 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொன்னால் வீட்டில் அடி விழும்.

அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்தேன். நுங்கம்பாக்கத்தில் பாரசீகப் பெயரும் தங்க நிற எழுத்துமாக ஒரு கடை. சர்வர் வந்து, "ஆர்டர் குடுத்தா இருபது நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வரக்கூடும் சார். கபாப் சூடா இருக்கணும்ங்கிறது எங்க விருப்பம்" என்றார். விருப்பம் நிறைவேறவில்லை. அடுத்தது அண்ணா நகர். முதலாளி நாகர்கோவில்காரர். பாரசீக உணவு என்று அரபு நாட்டு மந்தி பிரியாணியைக் காட்டினார். "விருந்தாளி வந்தா ஏதாவது சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல? கை கழுவுற எடம் அங்க இருக்குன்னு சொல்லுவோம்," என்றார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ரிதன்யா சொல்வது மாதிரி பேசும் கடை ஒன்று இந்த ஊரில் இருந்தால், அதன் முதலாளிக்குப் பிசகு மலை மாதிரி குவிந்திருக்க வேண்டும். நல்ல பாரசீக உணவகத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நம்பகமான வழி எதுவும் கிடையாது. பதிவேட்டில் உணவகப் பிரிவைத் திறந்து, பிசகு அதிகமுள்ளவர் மேலே வரும்படி தட்டினேன்.

முதல் பெயர் பெஹ்ரூஸ். இராயப்பேட்டை. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிசகுகள். இரண்டாம் இடத்தில் இருந்தவருக்குப் பதினொன்று.

கோப்பில் ஒரு விநோதமான குறிப்பும் இருந்தது. அந்தப் பிசகுகள் அத்தனையும் உள்ளூர் வாடிக்கையாளர்களால் வந்தவை. ஈரானிய வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கில் வந்து போயிருக்கிறார்கள், அவர்களால் ஒரு பிசகுகூட ஏறவில்லை. 'காரணம் புலப்படவில்லை' என்று எழுதி யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பார்த்தால் என் கையெழுத்து.

நிலை என்ற இடத்தில் 'செல்லாவாய்' என்று இருந்தது. வருடக் கடைசிக் கணக்கில் பத்துப் பிசகைத் தாண்டியிருப்பவர்களை அப்படி அறிவித்துவிடுவோம். மணியைக் கழற்றி வாங்கிக்கொள்வோம். அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் காற்று. கடை நடத்த முடியாது, வீடு வாடகைக்குக் கிடைக்காது, கல்யாணம் பதிய முடியாது. ஆனால் ஒன்று, அவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் விலாசத்தைத் தேடிக்கொண்டு போனேன். அச்சகம் ஒன்றின் மேல் மாடி. பழைய கடையில் சமையல்காரராக இருந்தவருடைய பெயரில் அந்த இடம் இருந்தது. கதவைத் தட்டினேன். பெஹ்ரூஸே திறந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளை மீசை, கைலி, உள்பனியன்.

"வா சார், வா! உன் காலு என் கண்ணு மேல!"

இருபத்திரண்டு வருடம் இராயப்பேட்டையில் இருந்தால் ஈரானியருக்கும் அப்படித்தான் தமிழ் வரும்.

"நான் பதிவேட்டு ஆபீஸ்ல இருந்து வரேன்," என்றேன்.

"அதனால இன்னா? இது உன் வூடு. நான் உன் வேலைக்காரன். டீ சாப்புடு."

என் காதில் மணி அசையவே இல்லை. அவரிடம் மணி இல்லையே. ஒருவர் என்னிடம் இப்படிப் பேசி மணி சும்மா இருந்தது ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

விஷயத்தைச் சொன்னேன். மனைவி, வெள்ளிக்கிழமை, இஸ்ஃபஹான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.

"கடைன்னு ஒண்ணும் இல்ல சார் இப்போ," என்றார் பெஹ்ரூஸ். "விக்கறதுக்குத்தான் எனக்கு உரிமை இல்ல. விருந்துக்குக் கூப்புட எவன் கேப்பான்? ஏழு மணிக்குக் கூட்டிக்கினு வா. என் உசிரு உங்க ரெண்டு பேருக்கும் திருஷ்டி சுத்திப் போடறதுக்கு."

வெள்ளிக்கிழமை ஏழு மணி. மொட்டை மாடியில் விரிப்பு விரித்து, பொரித்த கத்தரிக்காய், வால்நட்டும் மாதுளையும் போட்டு மணிக்கணக்கில் சுண்டவைத்த கோழிக் குழம்பு, புதினா போட்ட மோர், குங்குமப்பூச் சோறு. பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பிடித்த மொறுமொறுப்பை அப்படியே வட்டமாக எடுத்து ரிதன்யாவின் தட்டில் வைத்தார். நம் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்குத் திட்டு விழும். இவர்கள் அதை விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கிறார்கள்.

"நீ வந்ததுல என் மாடிக்கு வெளக்கே வேணாம்மா," என்றார் அவளிடம். "உன் கையி நோவக் கூடாது. உன் நெழலு என் தலை மேல எப்பவும் கொறையக் கூடாது."

அவள் பாரசீகத்தில் ஏதோ பதில் சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அவள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன அன்று அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் எங்கே போயிற்று என்று நான் தேடவே இல்லை. கத்தரிக்காய் நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

மோர் ஊற்றிய கிண்ணம் நீலப் பூப்போட்டு அழகாக இருந்தது. ரிதன்யா அதைத் தூக்கிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள்.

"உன்னுதும்மா. எடுத்துக்கினு போ," என்றார் பெஹ்ரூஸ்.

"ஐயையோ, வேண்டாங்க."

"எங்க அம்மா வச்சிருந்த கிண்ணம். உன் கையிலதான் அது அழகு. எடுத்துக்க."

"வேண்டாங்க, அது இங்கயே இருக்கட்டும்."

"என் மேல ஆணை. நீ எடுக்கலைன்னா நான் சோறு துன்ன மாட்டேன்."

"வேண்டவே வேண்டாம்," என்று சிரித்தாள் ரிதன்யா. அவரும் சிரித்தார். கிண்ணம் விரிப்பின் மேலேயே இருந்தது. அவர் சோறு சாப்பிட ஆரம்பித்தார். இருவருக்கும் அப்படி ஒரு திருப்தி.

எனக்குள் ஏதோ இடித்தது. "சார், அந்த ஆயிரத்து முந்நூறு பேரும் என்ன பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்கூட வேணாம்னு சொல்லல சார்!" பெஹ்ரூஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல மூணு தபா வேணாம்னு சொல்லணும். அது மருவாதி. இங்க நம்ப பசங்க, 'இந்த நாற்காலி நல்லா கீது'ன்னான் ஒருத்தன். 'உன்னுதுதான்'னேன். 'தேங்க்ஸ்'னு தூக்கிக்கினு பூட்டான். டீ போடற சமோவர் போச்சு, கம்பளம் போச்சு, பூனை போச்சு. மொதல் எழுவது பேருக்குக் குடுத்தேன். அப்பால கடையில குடுக்க இன்னா கீது? ஒருத்தன் கடையவே நல்லா கீதுன்னான். நானும் பழக்கத்துல..."

"என்ன சொன்னீங்க?" என்றாள் ரிதன்யா.

"வேற இன்னா சொல்லுவேன்? உன் கடைதாம்பான்னேன்."

ஆக, ஈரானியர்களால் ஒரு பிசகும் ஏறாததன் காரணம் அதுதான். எனக்கு விதி பதினேழு ஞாபகம் வந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளின் தொல்லைக்காகப் போட்ட விதி. ஒருவர் சொன்னதை எதிராளி ஒரே நாளில் மூன்று முறை மறுத்துவிட்டால், அந்த வாக்கு தள்ளுபடி. அதோடு அன்று நள்ளிரவு வரை அந்த இருவருக்கும் நடுவே மணிகள் காதை மூடிக்கொண்டுவிடும், என்ன பேசினாலும் பதிவாகாது. ஆறு வருடமாகத் தினமும் படிக்கிற விதி. இந்த ஊரில் யாரும் எதையும் மூன்று தடவை மறுப்பதில்லை. ஒரு 'வேண்டாம்' சொன்னாலே எதிராளி வாயை மூடிக்கொண்டுவிடுகிறான். முன்பு அப்படி இல்லை. என் அம்மா மூன்று தடவை 'போதும்' சொன்ன பிறகுதான் நான்காவது தோசையைப் போடவே ஆரம்பிப்பாள்.

"நிவாஸ்," என்றாள் ரிதன்யா. பெஹ்ரூஸ் டீ கொண்டுவர உள்ளே போயிருந்தார். "கூட்டிட்டு வந்ததுக்கு சந்தோஷம். நிஜமாவே. கேக்கணும்னு நெனச்சதைக் கேட்டாச்சு. நான் முடிவு பண்ணிட்டேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சண்டை போடுகிற குரலில்லை. அதுதான் பயம்.

"போகாதே," என்றேன். "இனிமே உன்னை ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்க மாட்டேன்."

மணி சூடானது. அவள் காதிலும் மஞ்சள் வெளிச்சம். 'சரி' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வாரத்துக்குள் என் வேலை போய்விடும். நான் எங்கேயும் நேரத்துக்குப் போனவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"பைத்தியமா உனக்கு?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு. வேண்டாம்."

"ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்க மாட்டேன் ரிது."

"வேண்டாம்னு சொல்றேன்ல! என்ன ஆச்சு உனக்கு?"

இன்னும் ஒன்று பாக்கி. எதுவும் விளக்க முடியாது, விளக்கினால் அவள் பழக்க தோஷத்தில் 'சரி' என்றுவிடுவாள். நீலக் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஒரே ஒரு நிமிஷம்கூட," என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"வேண்டாம்," என்றாள், ஒவ்வொரு எழுத்தாக.

இரண்டு மணிகளும் அணைந்தன.

"இப்ப சொல்லு," என்றாள் ரிதன்யா.

நான் பேசினேன். வரிசையெல்லாம் இல்லாமல் வந்து கொட்டியது. "உனக்கு ஜலதோஷம் புடிச்சா என் மூக்கு ஒழுகட்டும். உங்க அப்பா கூட சண்டையே போட மாட்டேன். அவர் சொல்ற அதே கதையை நூறு தடவை கேப்பேன். பரணை நானே சுத்தம் பண்றேன். நூறு வயசு வரைக்கும் உன் கூடவே இருப்பேன். நூத்தி ஒண்ணுலயும் இருப்பேன். உனக்காகக் கூவத்தைச் சுத்தம் பண்ணி அதுல படகு விடறேன்."

"அது என் வேலைடா," என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பும் கூடவே வந்ததில் மோர் புரையேறியது. தலையில் தட்டினேன்.

"ஆறு வருஷமா இதெல்லாம் எங்க வச்சிருந்தே?"

"உள்ளதான்."

டீத் தட்டோடு வந்த பெஹ்ரூஸ், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் போறேன் நிவாஸ். அந்த ஆத்துல தண்ணி வரதை நான் பாக்கணும். அது நான் பாதியில விட்டுட்டு வந்த வேலை."

"சான்றிதழை எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"பெட்டியை நோண்டினியா?"

"நோண்டினேன்."

"வீட்டுக்குப் போனதும் எடுத்து பீரோவுல வை," என்றாள்.

அவள் கிளம்பிய நாளில் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றோம். சுற்றிலும் எல்லாரும் 'போறேன்', 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ரிதன்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்.

"போயிட்டு வரேன்."

பக்கத்திலிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் மணி மஞ்சளானது. ஒரு 'சரி' சொன்னால் போதும், அவள் சட்டப்படி திரும்பி வந்தே ஆக வேண்டும். பதிவேட்டில் தேதி போட்டு இருக்கும். நான் பெருந்தன்மையான ஆள் இல்லை. 'சரி' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம்," என்றேன்.

"போயிட்டு வரேன்டா."

"வேண்டாம்."

"நிஜமா, போயிட்டு வரேன்."

"வேண்டாம்," என்றேன் மூன்றாவது தடவையாக. மணி அணைந்தது. அவள் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் பார்க்கிங்கில் ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் சுற்றினேன். ஸ்கூட்டர் எனக்கு முன்னாலேயே இருந்தது.

அடுத்த வருடம் சகாயமேரி மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு அறிக்கை.

"நிவாஸ், இந்த விதி பதினேழு. மாசத்துக்கு மூணு கேஸ் வரும். போன மாசம் நாலாயிரத்து இருநூறு. இராயப்பேட்டையில ஆரம்பிச்சு மயிலாப்பூர், மாம்பலம்னு பரவிக்கிட்டே போகுது. என்ன நடக்குது?"

"இன்ஷூரன்ஸ்காரங்க தொல்லை ஜாஸ்தி ஆயிடுச்சு மேடம்," என்றேன். இது வாக்கல்ல, வெறும் பொய். பொய்க்கு எங்கள் சட்டத்தில் பிசகு கிடையாது.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுலயா?"

"குடும்பத்துக்குள்ளேயே ஏஜென்டுங்க இருக்காங்க மேடம்."

அவர் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு மாதம் கழித்து அவர் அறை வழியாகப் போகும்போது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வேண்டாங்க," என்றார். சிறிது இடைவெளி விட்டு இன்னொரு "வேண்டாங்க". மூன்றாவதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். "சாப்ட்டியா?" என்றாள். "பொங்கலுக்கு வரேம்மா. மூணு தடவை வேண்டாம்னு சொல்லு" என்றேன். "ஏன்டா வேண்டாம்னு சொல்லணும்? எனக்கு நீ வரணும்," என்று அழ ஆரம்பித்துவிட்டாள். விளக்கிச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரமானது.

மூன்று வருடம் போயிற்று. ரிதன்யாவின் வருகையைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. வேலைக்கு நடுவே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். வெறுமையாக இருக்கும். அப்போதெல்லாம் 'சரி' என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றும். நிறைய நாள் தோன்றியிருக்கிறது.

நேற்று மதியம் நான் அதே கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"இறங்கிட்டேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"வேண்டாம்," என்றேன்.

"வந்துடறேன்பா."

"வேண்டாம்."

"இதோ, அஞ்சே நிமிஷம்."

"வேண்டாம்."

நாற்பத்து மூன்று நிமிடம் கழித்து வந்தாள். பதிவேட்டில் அது இருக்காது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.